இன்றைக்குக் காயல் வேண்டாம்



மே மாதக் கடைசியில் நம் நாட்டில் பள்ளி விடுமுறை தொடங்கியதும், கொச்சிக்குப் பறக்கும் விமானங்களில் நம்மவர்களின் கூட்டத்தைப் பார்க்கலாம். நான்கு மணி நேரப் பயணம். மூணாறில் ஓரிரவு, தேக்கடியில் ஓரிரவு, கடைசியாக ஆலப்புழையில் படகுவீடு. இந்தப் பயணத் திட்டம் நம் குடும்பங்களுக்கு ஏறக்குறைய மனப்பாடம்.

ஆனால் ஒன்றை மட்டும் பலரும் கவனிப்பதில்லை. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நாள் என்று இந்திய வானிலைத் துறை கணக்கில் வைத்திருப்பது ஜூன் 1. நம் பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைக்கும் அதே வாரத்தில்தான் அங்கே வானம் பொத்துக் கொள்கிறது. படகுவீட்டு விளம்பரங்களில் வானம் எப்போதும் நீலமாகவே இருக்கும். தென்னை மரம் அசையாது. தண்ணீர் கண்ணாடி போல் கிடக்கும். அந்தப் படத்தை மனத்தில் வைத்துக் கொண்டு போகிறவர்கள், படகுத்துறையில் குடையைப் பிடித்துக் கொண்டு நிற்கும்போதுதான் கதையே தொடங்குகிறது.

கிள்ளானைச் சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு அப்படி அமைந்த ஒரு நாளைத்தான் இங்கே சொல்ல வேண்டும். அப்பா, அம்மா, படிவம் மூன்றில் படிக்கும் மகள், ஐந்தாம் ஆண்டில் படிக்கும் மகன், அம்மாவைப் பெற்ற பாட்டி, கூடவே தாய்மாமன். பயணத்தை ஏற்பாடு செய்தவர் மாமா. ஆறு மாதத்துக்கு முன்பே கணினியில் தேடி, விலை விசாரித்து, முன்பணம் கட்டியவர். எனவே அன்றைய பயணம் சிறப்பாக அமைய வேண்டும் என்பதில் மற்றவர்களைவிட அவருக்குத்தான் அக்கறை அதிகம்.

காலை பதினொரு மணி. ஆலப்புழை புன்னமடையில் படகு ஏறும் துறைக்குப் பினிஷிங் பாயிண்ட் என்று பெயர். நேரு கோப்பைப் பாம்புப் படகுப் போட்டி முடியும் இடம் அது. 1952-இல் பண்டித நேரு வந்தபோது அவருக்காக நடத்தப்பட்ட படகோட்டத்திலிருந்து வளர்ந்த போட்டி என்பதைப் பலர் அறிவார்கள். பயணம் தொடங்கும் இடத்துக்கு முடியும் இடம் என்று பெயர் இருக்கிறதே என்று மகன் கேட்டான். மாமா சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

இரவெல்லாம் கொட்டிய மழை அப்போது விட்டிருந்தது. வானம் ஈயம் பூசியது போல் இருந்தது. படகில் ஏறி, செருப்பைக் கழற்றி வைத்து, இளநீர் குடித்து முடிப்பதற்குள் படகோட்டி வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். கேரளத்தில் இவர்களைச் சிராங்கு என்பார்கள். மலாய்மொழியில் செராங் என்று நாம் கேட்கும் சொல்லின் உறவுதான் அது. சுக்கானைப் பிடிப்பவர் சிராங்கு. எஞ்சினைப் பார்த்துக் கொள்பவர் டிரைவர். கயிறு கட்டி அவிழ்ப்பவர் லஸ்கர். அந்தப் படகில் லஸ்கரே சமையல்காரரும்.

"சார், இன்னிக்குக் காயல் வேண்டாம். தோட்டிலே போகலாம்" என்றார் சிராங்கு, தமிழும் மலையாளமும் கலந்து.

தோடு என்றால் மலையாளத்தில் கால்வாய். பாட்டி தம் காதைத் தொட்டுப் பார்த்துக் கொண்டார்.

மாமாவுக்கு முகம் மாறிவிட்டது. முன்பணம் கட்டியபோது சொல்லப்பட்ட வழி வேம்பநாட்டுக் காயலைத் தாண்டி, பாதிராமணல் தீவுவரை போய் வருவது. தீவில் பறவைகளைப் பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் ஆறு மாதமாகச் சொல்லி வந்திருக்கிறார். "அண்ணே, மழைதான் விட்டிருச்சே? இன்னைக்கு ரெட் அலர்ட்கூட இல்லையே, மஞ்சள்தானே?" என்றார்.

மாமா சொன்னது உண்மைதான். இந்திய வானிலைத் துறையின் எச்சரிக்கையில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று நிறங்கள் உண்டு. நம் நாட்டு வானிலைத் துறையும் இதே மாதிரி மூன்று நிறங்களைக் கையாள்வதால் நமக்கு இது புதிதல்ல. ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் 115.5 வரை பெய்யும் என்று கணித்தால் அது கனமழை, மஞ்சள். அதற்கு மேல் 204.4 வரை ஆரஞ்சு. அதையும் தாண்டினால் சிவப்பு. நிலைமை முற்றினால் மாவட்ட நிர்வாகமே படகுப் போக்குவரத்துக்குத் தடை போட்டுவிடும். யாரும் யாரிடமும் வாதாட வேண்டிய அவசியம் இருக்காது.

சிக்கல் மஞ்சள் நாளில்தான். தடை இல்லை, ஆபத்தும் இல்லாமல் இல்லை. தீர்மானம் முழுவதும் சுக்கானைப் பிடிக்கும் மனிதரின் தலையில் விழுகிறது. அவர் சம்பளத்துக்கு வேலை செய்பவர். எதிரே நிற்பவர் பணம் கட்டியவர். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நடக்கும் ஐந்து நிமிடப் பேச்சுதான் அன்றைய நாளை முடிவு செய்கிறது.

"மழைக்குப் பேடி இல்ல சார். காத்து" என்றார் சிராங்கு. துறையை ஒட்டியிருந்த தென்னைகளைக் காட்டினார். ஓலைகள் எல்லாம் ஒரே பக்கமாகக் கிழக்கே வாரி நின்றன.

அவர் ஏன் மழைக்கு அஞ்சாமல் காற்றுக்கு அஞ்சினார் என்பதைப் புரிந்து கொள்ள, அந்தப் படகின் பிறப்பைப் பார்க்க வேண்டும். படகுவீட்டுக்கு அங்கே கெட்டுவள்ளம் என்று பெயர். கெட்டுப்போன வள்ளம் அல்ல, கட்டப்பட்ட வள்ளம். ஆஞ்சிலி மரப் பலகைகளைத் தென்னை நார்க்கயிற்றால் இழுத்துக் கட்டி, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிச் செய்த சரக்குப் படகு அது. மரபு முறையில் செய்தால் ஆணியே கிடையாது. குட்டநாட்டு நெல்லை மூட்டை மூட்டையாக ஏற்றிக் கொண்டு கொச்சிக்குப் போய் வந்த வள்ளங்கள். நெல் மூட்டை அடியில் கிடக்கும். படகு தண்ணீரில் நன்றாக அமுங்கிப் போகும். காற்றுக்குப் பிடி கொடுக்காது.

லாரிகள் வந்த பிறகு வள்ளங்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. 1990-களில் சுற்றுலாவுக்காக அவற்றின்மேல் மூங்கிலும் பாயும் வைத்து அறைகள் கட்டினார்கள். பிறகு குளிர்சாதனம் வந்தது. பிறகு மாடி வந்தது. அடியில் இருந்த மூட்டைகள் போய்விட்டன. மேலே வீடு வந்துவிட்டது. பக்கவாட்டில் அடிக்கும் காற்றுக்கு அந்த வீட்டின் சுவர் ஒரு பாய்மரம் மாதிரி. ஆனால் பாய்மரத்தைச் சுருட்டி வைக்கலாம், சுவரைச் சுருட்ட முடியாது.

வேம்பநாட்டுக் காயல் இந்தியாவிலேயே மிக நீளமான ஏரி. ஏறத்தாழ 96 கிலோமீட்டர் என்பார்கள். அதன் நீளத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் அதன் ஆழத்தைக் கேட்பதில்லை. பல இடங்களில் ஆழம் சில மீட்டர்தான். ஆழம் குறைந்த, அகலம் கூடிய தண்ணீரில் காற்று அடித்தால் அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும். கடலில் போல் நீண்டு உருண்டு வராது. ஒன்று போவதற்குள் அடுத்தது அறையும். மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் போகும் தட்டையான அடிப்பாகம் கொண்ட படகு, நடுக்காயலில் நாற்பது கிலோமீட்டர் வேகக் காற்றில் மாட்டிக் கொண்டால், திரும்புவதற்காகப் பக்கத்தைக் காட்டும் அந்தச் சில நிமிடம்தான் மிக மோசமானது.

சிராங்கு இத்தனையும் விளக்கவில்லை. அவருக்கு அந்த அளவுக்குத் தமிழும் இல்லை, பொறுமையும் இல்லை. தமக்குச் சொந்த ஊர் முகம்மா என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பெயர் மாமாவுக்கு எதையும் சொல்லவில்லை. ஆலப்புழை மாவட்டத்தில் யாருக்கும் அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. 2002 ஜூலை 27 அதிகாலையில் முகம்மாவிலிருந்து மறுகரையிலுள்ள குமரகத்துக்குப் புறப்பட்ட அரசுப் பயணப்படகு, கரை சேரும் முன்பே காயலில் கவிழ்ந்தது. ஏ-53 என்பது அதன் எண். அரசு வேலைக்கான தேர்வு எழுதப் போனவர்கள் பலர். வழக்கமாக அந்த நேரத்துக்கு இருக்கும் கூட்டத்தைவிட அன்று கூட்டம் மிக அதிகம். 29 பேர் உயிரிழந்தார்கள். நீதிபதி நாராயண குறுப்பு தலைமையில் விசாரணை நடந்தது. படகின் நிலை, ஏற்றப்பட்ட ஆட்களின் எண்ணிக்கை எல்லாம் பேசப்பட்டன. தேர்வுக்குப் போகிற பிள்ளையிடம் "அடுத்த படகில் வா" என்று சொல்ல அன்று துறையில் யாரும் இல்லை. சொல்லியிருந்தாலும் அந்தப் பிள்ளை கேட்டிருக்குமா என்பது வேறு விஷயம்.

அப்பா நடுவில் வந்து, "சரி, அண்ணன் சொல்றபடியே போவோம்" என்றார். மாமா எதுவும் பேசவில்லை. மாடிக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்து கொண்டார்.

படகு வடக்கே காயலை நோக்கிப் போகாமல் கால்வாய்க்குள் திரும்பியது. முதல் ஒரு மணி நேரம் யாருக்கும் குறை சொல்லத் தோன்றவில்லை. இரண்டு பக்கமும் வரப்பு. வரப்பின்மேல் வரிசையாக வீடுகள். வீடுகளுக்குப் பின்னால் வயல். அந்த வயல் படகு போகும் தண்ணீரைவிடத் தாழ்வாக இருந்தது. மகளுக்கு அது கண்கட்டு வித்தை போல் தெரிந்தது. படகு மேலே போகிறது, நிலம் கீழே கிடக்கிறது. குட்டநாடு கடல்மட்டத்துக்குக் கீழே விவசாயம் நடக்கும் பூமி. சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் கீழே. காயலில் வரப்பு கட்டி, தண்ணீரை இறைத்து வெளியேற்றி உருவாக்கிய நிலங்கள் அவை. உலக உணவு வேளாண்மை நிறுவனம் 2013-இல் இதைப் பாரம்பரிய வேளாண் முறைகளில் ஒன்றாக அங்கீகரித்தது.

பன்னிரண்டரைக்கு மழை மறுபடியும் பிடித்தது. நம் ஊர் மழை போல ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கிவிட்டு ஓய்கிற மழை அல்ல அது. வரும், கொஞ்சம் விடும், மறுபடி சாய்ந்து அடிக்கும். லஸ்கர் பக்கவாட்டுத் தார்ப்பாயை இறக்க வந்தார். சிராங்கு ஒரு பக்கத்தை மட்டும் இறக்கச் சொல்லி, மறுபக்கத்தைத் திறந்தே வைக்கச் சொன்னார். சாரல் உள்ளே அடித்தது. பாட்டி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக் கொண்டு, "அதையும் மூடினால் என்னவாம்?" என்றார். இரண்டு பக்கமும் மூடிவிட்டால் மழை வராது. ஆனால் ஏதாவது ஆனால் வெளியே போகவும் வழியிருக்காது.

சாப்பாட்டு நேரத்தில் எஞ்சின் நின்றது. கரிமீன் வறுவல் இலையில் விழுந்த நிமிடம். படகு மெல்லச் சுற்றிக் கொண்டு வரப்பில் போய் மோதி நின்றது. ஆகாயத்தாமரை சுழல்விசிறியில் சிக்கியிருந்தது. உப்புத் தண்ணீர் பட்டால் செத்துப் போகும் செடி அது. மழைக்காலத்தில் ஆறுகள் நன்னீரைக் கொண்டு வந்து கொட்டுவதால் தழைத்து, மேட்டிலிருந்து மூட்டை மூட்டையாக மிதந்து வரும். டிரைவர் சட்டையைக் கழற்றிவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அரிவாளால் அரிந்து அரிந்து எடுத்தார். இருபது நிமிடம் ஆயிற்று. கால்வாயில் அது சாப்பாட்டு நேரத்து வேடிக்கை. மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்த மாமாவும், இதே செடி காயல் நடுவில் சிக்கியிருந்தால் படகு எந்தப் பக்கம் போயிருக்கும் என்று கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் மாடிக்கும் போகவில்லை.

அடுத்து வந்தது ஒரு நடைபாலம். கான்கிரீட்டில் கட்டிய குறுகலான பாலம். பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் பாலம். சிராங்கு எஞ்சினைக் குறைத்து, எழுந்து நின்று, படகின் கூரையையும் பாலத்தின் அடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பின்வாங்கினார். தண்ணீர் ஏறிவிட்டது, படகு நுழையாது.

இத்தனைக்கும் அங்கே பெய்த மழைக்கு அவ்வளவு தண்ணீர் ஏறியிருக்க முடியாது. அதைக் கிழக்கன் வெள்ளம் என்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் முந்தைய நாள்களில் பெய்த மழை ஆறுகளில் இறங்கிக் குட்டநாட்டுக்கு வந்து சேரும் தண்ணீர். பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் என நான்கு ஆறுகள் இந்தத் தாழ்நிலத்தில் வந்து கூடுகின்றன. சபரிமலைக்கு மாலை போட்டுப் போகிற நம்மவர்கள் முழுகி எழும் பம்பைதான் இங்கே வந்து சேருகிறது. ஆலப்புழையில் வெயில் அடித்தாலும் தண்ணீர் ஏறலாம். அதனால்தான் அங்கே உள்ளவர்கள் வானத்தை மட்டும் பார்ப்பதில்லை. கிழக்கே என்ன மழை என்று கேட்கிறார்கள்.

வந்த தண்ணீர் கடலுக்குப் போக வழி வேண்டும். தோட்டப்பள்ளியில் 1950-களில் ஒரு வடிகால் கட்டினார்கள். தண்ணீர்முக்கத்தில் காயலின் குறுக்கே 1970-களில் ஒரு தடுப்பணை கட்டினார்கள். தடுப்பணையின் வேலை கோடையில் உப்புத் தண்ணீர் வயலுக்குள் வராமல் பார்த்துக் கொள்வது. அதனால் நெல் பிழைத்தது. மீன் குறைந்தது என்பது மீனவர்களின் நெடுநாள் குறை. அது தனியே ஒரு கருத்தரங்குக்கான விஷயம்; இங்கே வேண்டாம்.

பாலத்துக்கு இந்தப் பக்கமே ஒரு வீட்டின் முன்னால் படகைக் கட்டினார்கள். மணி இரண்டு. ஐந்து மணிவரை பணம் கட்டியிருக்கிறார்கள். மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்றதும் மகனுக்கு அழுகை வந்துவிட்டது. கைப்பேசியில் அலைவரிசையும் சரியாகக் கிடைக்கவில்லை.

வரப்பு வீட்டு அம்மாள் திண்ணையில் நின்று பார்த்துக் கொண்டிருந்தார். பாட்டிதான் முதலில் பேச்சுக் கொடுத்தார். பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் பாட்டி. அந்தக் காலத்துத் தோட்டங்களில் கிராணி வேலைக்கு மலையாளிகள் நிறையப் பேர் வந்திருந்தார்கள் அல்லவா? கிராணி வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிக் கற்ற மலையாளம் அறுபது வருடம் கழித்துக் குட்டநாட்டில் வேலைக்கு வந்தது. குடும்பத்தில் யாருக்குமே பாட்டிக்கு மலையாளம் தெரியும் என்று அதுவரை தெரியாது.

அந்த அம்மாள் காட்டியது வீட்டுச் சுவர். மார்பளவு உயரத்தில் ஒரு மங்கலான கோடு. 2018 ஆகஸ்டு மாதப் பெருவெள்ளம் நின்ற அடையாளம். அப்போது குட்டநாடே காலியானது. கிடைத்த படகுகளில் எல்லாம் ஜனங்களை ஏற்றி ஆலப்புழைக்கும் சங்கனாச்சேரிக்கும் கொண்டு போனார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான படகுவீடுகளும் அந்த வேலைக்கு வந்தன. கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக் கொண்டு வந்து உதவியது உலகுக்கே தெரிந்த செய்தி. "மடை வீழ்ந்தால் போச்சு" என்றார் அந்த அம்மாள். வரப்பு உடைவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஓர் இடத்தில் உடைந்தால் போதும், அந்தப் பாடசேகரத்தின் நெல் முழுவதும் தண்ணீருக்குள். வேகமாகப் போகும் படகு கிளப்பும் அலைகூட வரப்பை அரிக்கும். ஈரம் ஊறிய நாள்களில் அது இன்னும் மோசம். சிராங்கு எஞ்சினை அவ்வளவு மெதுவாக ஓட்டியதற்குக் காரணம் அப்போதுதான் மகளுக்குப் புரிந்தது.

மூன்றரை மணியளவில் அரசுப் பயணப்படகு ஒன்று வந்தது. கேரள நீர்வழிப் போக்குவரத்துத் துறையின் படகு. நம் ஊர்ப் பேருந்து மாதிரி. உயரம் குறைவான அந்தப் படகு பாலத்துக்குக் கீழே சுலபமாக நுழைந்து வந்தது. நனைந்த புத்தகப் பைகளை மடியில் வைத்துக் கொண்டு பள்ளிப் பிள்ளைகள் இறங்கினார்கள். கேரளத்தில் பள்ளிகள் திறப்பதும் ஜூன் தொடக்கத்தில்தான். நம் பிள்ளைகளின் விடுமுறை வாரம் அவர்களுக்கு முதல் வகுப்பு வாரம். மகன் அழுகையை மறந்து பார்த்துக் கொண்டிருந்தான். அவன் வயதுப் பையன் ஒருவன் ஒற்றைக் கையில் குடையும் மறுகையில் செருப்புமாகப் படகிலிருந்து வரப்புக்குத் தாவி, ஒன்றுமே நடக்காதது போல் நடந்து போனான்.

நேயர்களே, அந்தக் குடும்பம் அங்கே கட்டிக் கிடக்கட்டும். இந்த இடைவெளியில் மூன்று ஊர்ப் பெயர்களைச் சொல்லியே ஆக வேண்டும்.

தேக்கடி, 2009 செப்டம்பர் 30. முல்லைப் பெரியாறு நீர்த்தேக்கத்தில் மாடிப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். இறந்தவர்களில் தமிழகத்திலிருந்து சுற்றுலா வந்தவர்களும் உண்டு. கரையில் விலங்குகள் தெரிகின்றன என்று பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டபோது படகு சாய்ந்தது. தானூர், 2023 மே 7. மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி, அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிக் கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு புறப்பட்டது. 22 பேர் போனார்கள், பலர் குழந்தைகள். மூன்றாவது நம் நாட்டுப் பெயர். சரவாக்கின் பெலாகா, 2013 மே 28. காவாய் பண்டிகைக்கு ஊர் திரும்பியவர்களை அளவுக்கு மீறி ஏற்றிச் சென்ற விரைவுப் படகு ரெஜாங் ஆற்றில் மூழ்கியது. எனவே இது ஏதோ அயல்நாட்டுக்காரர்களின் அலட்சியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

இந்த மூன்றிலும் முகம்மாவிலும் ஒன்று பொதுவாக இருக்கிறது. புறப்படுவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்த விஷயங்கள்தான் பின்னால் உயிரை வாங்கியிருக்கின்றன. கூட்டம் தெரிந்தது; நேரம் தெரிந்தது. யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்வது எடுபட்டிருக்க வேண்டும்.

இந்தியாவில் 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு 2021-இல் புதிய உள்நாட்டுக் கப்பல் சட்டம் கொண்டு வந்தார்கள். பதிவு, தகுதிச் சோதனை, காப்புறுதி, படகோட்டிகளுக்குச் சான்றிதழ் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் மஞ்சள் நாளில் துறையில் நடக்கும் அந்த ஐந்து நிமிடப் பேச்சைச் சட்டம் வந்து பேசாது. படகோட்டி மறுத்தால் பணம் திரும்புமா, வேறு நாள் கிடைக்குமா என்பதை முன்பணம் கட்டும்போதே கேட்டு எழுதி வாங்கிக் கொள்வது பயணியின் வேலை. அப்படி எழுதி வாங்கியிருந்தால் துறையில் நின்று வாதாடும் ஆத்திரம் பாதி குறைந்துவிடும்; படகோட்டிக்கும் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டிய பயம் இருக்காது. உயிர்காப்புச் சட்டை எத்தனை, பிள்ளைகளின் அளவுக்கு உண்டா என்று கேட்பதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்டிலுக்கு அடியில் பெட்டியில் பூட்டி வைத்த சட்டை யாரையும் காப்பாற்றியதில்லை. மாடிப் படகில் படம் பிடிக்க எல்லாரும் ஒரு பக்கம் ஓடுவது நம்மவர்களுக்குக் கைவந்த கலை. அதை மட்டும் விட்டுவிட்டாலே பெரிய உபகாரம்.

நல்ல செய்தியும் உண்டு. 2017 முதல் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே வேம்பநாட்டுக் காயலைக் கடந்து ஓடும் ஆதித்யா என்ற அரசுப் படகு சூரிய ஒளியில் இயங்குகிறது. 75 பேர் ஏறலாம். அதற்கு இரட்டை அடிப்பாகம். இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டியது போல. எனவே சுலபமாகச் சாயாது. அழகில் கெட்டுவள்ளத்துக்கு ஈடாகாது. வரப்பு வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போக அழகு தேவையுமில்லை.

இனி அந்தக் குடும்பத்திடம் போவோம்.

நாலே காலுக்குக் காற்று தணிந்தது. மழை தூறலாக நின்றது. படகு மெல்லத் திரும்பிப் புன்னமடைக்கு வந்தது. துறையை நெருங்கும்போது, காயல் பக்கத்திலிருந்து இன்னொரு படகுவீடு வந்து கொண்டிருந்தது. மாடியில் நனைந்த சட்டையோடு இளைஞர்கள் கூட்டம், பாட்டும் கூத்தும். அவர்கள் காயலுக்குப் போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பியிருந்தார்கள். துறையில் இறங்கியதும் ஓர் இளைஞன் கைப்பேசியில் பாதிராமணலின் படத்தைக் காட்டினான். மழைத் திரைக்குப் பின்னால் பச்சையாக ஏதோ தெரிந்தது.

"பார்த்தீங்களா?" என்றார் மாமா. "போயிருக்கலாம்."

அப்பா பதில் சொல்லவில்லை. சிராங்குக்குத் தமிழ் புரிந்திருக்கும், அவரும் பேசவில்லை. எதுவும் நடக்காத நாளில் வேண்டாம் என்று சொன்னவரிடம் காட்டுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. அவர் கயிற்றை முளையில் சுற்றிக் கொண்டிருந்தார். மாமா பணப்பையை எடுத்தார், கொஞ்சம் யோசித்தார், டிரைவருக்கும் லஸ்கருக்கும் அன்பளிப்புக் கொடுத்தார். சிராங்கிடம் வந்து நின்றபோது, "நாளைக்கு எப்படிண்ணே இருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

சிராங்கு துறையின் மரத்தூணைக் காட்டினார். காலையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டிருக்கிறார். அது தண்ணீருக்குள் நான்கு விரல் ஆழத்தில் மங்கலாகத் தெரிந்தது.

"இன்னும் வரும் சார்" என்றார். "கிழக்கே இப்பவும் மழைதான்."

மாமா அவர் கையில் பணத்தை வைத்தார். பாட்டி முறுக்குப் பொட்டலத்தையும் கொடுத்துவிட்டுக் குடையை விரித்தார்.